புது ஊசி

தெருவில் அவரைக் கமிஷன் என்று கூப்பிட்டார்கள். தரகு வாங்குகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், கைநீட்டி ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனிதர். இது விசாரணைக் கமிஷன். ஒரு தீப்பெட்டி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி, குச்சியை எண்ணி, மருந்து நுனியில் மட்டும்தான் இருக்கிறதா, கழுத்து வரை இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து வாங்குவார். எதிர்வீட்டு டிரைவர் வைத்த பெயர். வைத்த நாளிலிருந்து பிசின் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். கேட்காமல் கெட்டவன் ஆயிரம் பேர், கேட்டுக் கெட்டவன் ஒருத்தனைக் காட்டு என்பார்.

வேலை தண்ணீர் இலாகாவில். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதுவது. இருபத்தாறு வருடமாக அதே வேலை. வீட்டுக் குழாய்கள் எல்லாம் மூடியிருந்தும் மீட்டர் முள் நகர்கிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்கே என்று பார்த்துச் சொல்வது அவர் வேலையில்லை. ஆனாலும் சொல்வார். கருவி எதுவும் கிடையாது. ஆள்காட்டி விரலைக் குழாய் இணைப்பின்மேல் வைத்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவார். "கண்ணு பொய் சொல்லும், விரல் பொய் சொல்லாது" என்று வீட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். விரல் நின்ற இடத்தில் ஒழுக்கு இருக்கும். ஒரு தடவை கூடத் தப்பியதில்லை.

அவர் மனைவிக்கும் தெருவில் சொந்தப் பெயர் கிடையாது, டெய்லரம்மாதான். வீட்டின் பின்னறையில் தையல். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, கிழிந்த ஜிப் மாற்றுவது என்று எதையும் விடமாட்டாள். அவள் காலர் வைத்த சட்டையைப் போட்டவன் வேறு டெய்லரிடம் போகமாட்டான் என்று பேர். அந்தப் பின்னறைக்கு வருகிறவர்கள் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாகத்தான் வரவேண்டும். வெயில் எட்டிப் பார்க்காத சந்து. சிமெண்டுத் தரை முழுக்கப் பச்சைப் பாசி, அதன்மேல் கறுப்புப் பாசி. ஒரு நாள் அளவு கொடுக்க வந்த ஆசிரியை கைக்குழந்தையோடு சறுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டெய்லரம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"ஏங்க, நல்ல ஹோஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க. இருபது மீட்டர். முறுக்கினா மடங்காததா இருக்கட்டும். மத்ததை நான் பிரஷ் வச்சுத் தேச்சுக்கிறேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கமிஷன் விசாரணையைத் தொடங்கினார். முதல் வாரம் ஹோஸ். அரை அங்குலமா முக்கால் அங்குலமா, இரண்டு அடுக்கா மூன்று அடுக்கா, நடுவில் நூல் பின்னல் உண்டா, வெயிலில் கிடந்தால் வெடிக்குமா. இரண்டாவது வாரம், ஹோஸ் மட்டும் போதுமா என்ற கேள்வி வந்தது. யாரோ ஒருவர் வீட்டில் மீட்டர் பார்க்கப் போனபோது அங்கே தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற பிரஷர் வாஷர் மெஷினை வைத்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் தரை புதிதாகப் போட்டது மாதிரி வெளுத்து வந்தது. மனிதர் மீட்டரை எழுத மறந்து அரைமணி நேரம் நின்று பார்த்தார். மூன்றாவது வாரம் சட்டைப் பையில் ஒரு குறிப்பு நோட்டு ஏறியது. அதில் தண்ணீரின் அழுத்தம் எத்தனை பார், எத்தனை லிட்டர், எத்தனை வாட், உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார்.

ஹார்டுவேர் கடைக்காரர் பொறுமைசாலி. ஐந்தாவது தடவையாக அவர் படியேறியபோதும் வாங்க சார் என்றுதான் சொன்னார்.

ஹோஸ் விஷயத்தில் கமிஷனைக் குறை சொல்ல முடியாது. ஆறு வகை ஹோஸை எடுத்துப் போடச்சொல்லி, ஒவ்வொன்றையும் முழங்கையில் சுற்றி, மடக்கிப் பிடித்து, ஒரு முனையில் வாயை வைத்து ஊதி, மூன்று அடுக்குள்ள பச்சை ஹோஸைத் தேர்ந்தெடுத்தார். அருமையான ஹோஸ். இன்றைக்கும் அந்த வீட்டில் அது உழைத்துக்கொண்டிருக்கிறது. பிறகு மெஷினுக்கு வந்தார்.

"வீட்டுக்கு நூத்துப்பத்து பார் போதும் சார்" என்றார் கடைக்காரர்.

"நூத்தைம்பதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"நாப்பது."

கமிஷன் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினார். நூற்றைம்பதுதான் வேண்டும் என்றார். வாங்குவது ஒரு தடவை, அதைப் பெரிதாக வாங்கிவிடவேண்டும் என்பது அவர் கட்சி. கடைக்காரர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். துப்பாக்கி மாதிரி கைப்பிடி, கறுப்பு ஹோஸ், தண்ணீர் பீச்சுவதற்கு நிறம் நிறமாக மூக்குகள். காட்டிக்கொண்டே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சார், நீங்க தண்ணி டிபார்ட்மெண்ட். உங்க குழாய்ல ரெண்டு பார் வருமா?"

"காலையில வரும். சாயங்காலம் ஒண்ணே சந்தேகம்."

"இது நூத்தைம்பது. இதைத் தண்ணின்னு நினைக்காதீங்க, கத்தின்னு நினைச்சுக்குங்க. இந்தக் கறுப்பு ஹோஸைத் தரையிலயோ படி முனையிலயோ தேய விடாதீங்க. கீறல் விழுந்துச்சுன்னா அதோட ஓட்டாதீங்க. எங்க ஒழுகுதுன்னு கையை வச்சு மட்டும் பாத்துடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் அப்படித்தான் பாத்தான். குண்டூசி முனை அளவு புள்ளிதான். வலி கூட இல்லையாம். விரல் போச்சு. பட்டுச்சுன்னா அடுத்த நிமிஷம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வையுங்க."

இருபத்தாறு வருடமாக விரலால் ஒழுக்கு பார்த்த மனிதரிடம் விரலை வைத்துப் பார்க்காதே என்றால் எப்படி இருக்கும்? கமிஷனுக்குக் காது சூடானது. சரி சரி என்றார். அந்த நோட்டில் எத்தனையோ எழுதியவர் இதை எழுதவில்லை. உத்தரவாதச் சீட்டில் முத்திரை குத்தச் சொன்னார்.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று எதிர்வீட்டு டிரைவர் மதில்மேல் கையூன்றி நின்று வேடிக்கை பார்த்தார். "பாசிக்குப் பீரங்கியா வாங்கியிருக்கீங்க? பாத்து, வீடு பறந்துடப் போகுது!" தெரு சிரித்தது. கமிஷன் விசையை அழுத்தினார். சந்துத் தரையில் ஒரு கோடு இழுத்த மாதிரி வெள்ளை விழுந்தது. பச்சை கிழிந்து பறந்தது. டிரைவர் வாயை மூடிக்கொண்டார். டெய்லரம்மா கழுத்தில் டேப்போடு வந்து நின்று பார்த்தவள், சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். அந்தச் சந்தில் அவள் வெறுங்காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்த நாட்களைக் கமிஷன் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கழுவல். கேட், மதில், மொட்டைமாடி, டிரைவரின் வேன், பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி. மதிலில் அடித்த பெயிண்டும் பாசியோடு சேர்ந்து போனது. போகட்டும், பழைய பெயிண்ட்தானே என்றார். குழாயில் வருகிற தண்ணீர் மெஷினின் பசிக்குப் போதாது என்பதால் பச்சை ஹோஸால் ஒரு டிரம்மை நிரப்பி, அதிலிருந்து மெஷினுக்கு உறிஞ்ச விட்டார். பாசி மருந்துக்கென்று மெஷினிலேயே ஒரு சின்ன டப்பா உண்டு. அதில் ஊற்றினால் மெதுவாகப் போகிறதாம். அதனால் மருந்தையும் டிரம்மிலேயே கலந்துவிட்டார். கறுப்பு ஹோஸ் பின்வாசல் படியின் முனையில் உராய்ந்து உராய்ந்து போய்வந்தது. ஐந்து வாரம்.

ஆறாவது ஞாயிறு காலை பத்தரை மணி. மெஷின் அலறிக்கொண்டிருந்தது. கைப்பிடியும் ஹோஸும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, புகை மாதிரி ஒரு சாரல். கமிஷனின் முழங்கை நனைந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அவருடைய இரண்டு கையும் கைப்பிடியில். அந்த நேரம் பார்த்து டெய்லரம்மா வெளியே வந்தாள்.

"ஏங்க, நிறுத்துங்க. பதினோரு மணிக்கு அளவு குடுக்க ஆள் வர்றாங்க."

"ஒரு நிமிஷம். நிறுத்தினா ஒழுக்கு தெரியாது. இங்க பாரு, இந்த ஹோஸ்ல விரலை வச்சுப் பாரு, எங்க வருதுன்னு."

அவள் வைத்தாள். இருபத்தாறு வருடமாகப் புருஷன் செய்வதைப் பார்த்தவள்தானே. இடது கை ஆள்காட்டி விரலை ஹோஸின்மேல் வைத்து, அவரைப் போலவே மெல்லச் சுற்றினாள்.

"ஸ்ஸ்" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு."

கமிஷன் மெஷினை நிறுத்தினார். விரலைப் பிடித்துப் பார்த்தார். நுனிச் சதையில் ஒரு புள்ளி. ரத்தம் ஒரு சொட்டு கூட இல்லை. அந்த நொடியில் கடைக்காரரின் பேச்சு அவருக்கு ஞாபகம் வரவில்லை என்றால் மன்னித்துவிடலாம். வந்தது. குண்டூசி முனை, மெக்கானிக், பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் ஒன்று விடாமல் வந்தது. அது ஏதோ கவனமில்லாத மெக்கானிக், இது வெறும் புள்ளி என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவளுக்கோ அது ஒரு விஷயமே இல்லை. தையல்காரிக்கு ஊசிக்குத்து ஒரு செய்தியா? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தைக்கிறவள். அந்த விரலில் குத்தாத இடம் கிடையாது. நகத்துக்குள் ஊசி இறங்கி மறுபக்கம் வந்தபோதே பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தெடுத்துவிட்டு, அன்றைக்குக் கொடுக்க வேண்டிய சட்டையைத் தைத்து முடித்தவள். குழாயில் விரலைக் கழுவி, ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மெஷினை மிதித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு விரல் மரத்தது. ஒரு மணிக்கு மடங்கவில்லை. மூன்று மணிக்குத் துணியை அவிழ்த்தபோது விரல் இரண்டு மடங்கு தடித்து, வெளிறி, மெழுகு மாதிரி இருந்தது. "வாடி, காட்டிட்டு வந்துடலாம்" என்று கமிஷன்தான் கிளப்பினார். பெரிய ஆஸ்பத்திரி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தெருக்கோடி கிளினிக் நாலு எட்டு. தெருக்கோடிக்கே போனார்கள். டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தார். இதையும் அவர் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெஞ்சில் எதிர்வீட்டு டிரைவரின் மனைவி இருமுகிற மகனோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். அதுவும் டெய்லரம்மா தைத்துக்கொடுத்த திரை.

"என்னம்மா ஆச்சு?"

"மெஷின்ல பட்டுடுச்சு டாக்டர். ஊசி குத்தின மாதிரிதான் இருந்துச்சு. இப்ப வலி உசிர் போகுது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் எடுக்க மறந்த டேப், தோளில் ஒட்டியிருந்த நூல், விரல்களில் சாக்பீஸ் பொடி. அந்தக் கோலத்தில் ஒருத்தி வந்து மெஷின் என்றால் யாருக்குத்தான் வேறு மெஷின் தோன்றும்? வீட்டில் அவர்கள் இதைத் தண்ணி மெஷின் என்றுதான் சொல்வார்கள். வலியில் அவளுக்கு முன்பாதி வரவில்லை.

"தையல்காரங்களுக்கு இது பழகின விஷயம்தானே" என்றார் டாக்டர். நர்ஸைக் கூப்பிட்டு, உள்ளே கூட்டிப்போய் டெட்டனஸ் ஊசி போடச் சொன்னார். டெய்லரம்மா கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். டாக்டர் எழுதிக்கொண்டே கமிஷனைக் கேட்டார்.

"ஊசி துருப்பிடிச்சதா சார்?"

கமிஷனுக்கு அந்தக் கேள்வி புரிய ஒரு கணம் பிடித்தது. இல்லை, இது வேற மெஷின். நாலு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். விரலை ஏன் வச்சாங்க? நான் வைக்கச் சொன்னேன். கடையில எச்சரிக்கலையா? எச்சரிச்சாங்க. திரைக்கு அந்தப் பக்கம் டிரைவரின் மனைவி. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். கமிஷன் விசாரிச்சு விசாரிச்சு மெஷின் வாங்கி, கடைசியில பொண்டாட்டி கையைக் கழுவிட்டாருப்பா என்று டிரைவர் மதிலில் கையூன்றிச் சொல்வது அவர் காதில் அப்போதே விழுந்தது.

"இல்ல டாக்டர்" என்றார். "புது ஊசிதான்."

"அப்ப பயமில்ல. மாத்திரை எழுதறேன். வீக்கம் வத்திடும்."

முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயாகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் அந்த டாக்டரை அவர் விட்டிருக்கமாட்டார். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, தூக்கம் வருமா, எத்தனை மணி நேரத்தில் வற்றும், வற்றாவிட்டால் என்ன செய்வது என்று வெளியே இருப்பவர்கள் முணுமுணுக்கும் வரை கேட்டிருப்பார். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

வீக்கம் வற்றவில்லை. மறுநாள் காலை விரல் நீலம் பாரித்து, உள்ளங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. அவளால் பேச முடியவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி எட்டரை.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கிளினிக் சீட்டைப் படித்தார். விரலைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"தையல் ஊசியா? ஊசி குத்தினா இப்படி ஆகாதே. என்ன நடந்துச்சு?"

அப்போது சொன்னார் கமிஷன். நூற்றைம்பது பார், நிமிஷத்துக்கு ஏழு லிட்டர், டிரம்மில் பாசி மருந்து எத்தனை மூடி என்பது வரை ஒரு புள்ளி தவறாமல் சொன்னார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன.

"எத்தனை மணிக்கு?"

"நேத்து காலையில பத்தரை."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டு மணி நேரம். தோல்ல புள்ளிதான் தெரியும். உள்ள போன தண்ணி சதையைக் கிழிச்சுக்கிட்டு உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கும். அதுல மருந்து வேற. நேத்து மதியமே வந்திருந்தா திறந்து கழுவி விரலைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருந்துச்சு." பிறகு சீட்டைத் தட்டினார். "இதுல ஏன் தையல் ஊசின்னு எழுதியிருக்காங்க?"

டெய்லரம்மா கண்ணைத் திறந்தாள்.

"நான்தான் டாக்டர். மெஷின்னு சொல்லிட்டேன். அந்தக் கிளினிக் டாக்டர் தையல் மெஷின்னு நினைச்சிருப்பார். எனக்குத் தோணவே இல்ல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

கமிஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விரலை நீளவாக்கில் திறந்து கழுவினார்கள். நாலு நாள் பார்க்கலாம், ரத்த ஓட்டம் திரும்பினால் விரல் நிற்கும், இல்லையென்றால் எடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நாலு நாளும் கமிஷன் வார்டில் ஓடிக்கொண்டே இருந்தார். எந்த மருந்து, எத்தனை மில்லி, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, கையை எத்தனை தலையணை மேல் வைக்கவேண்டும் என்று கேட்டுக் கேட்டு நர்ஸுகளைத் துளைத்தார். நர்ஸுகளும் சலித்துப்போய், இந்தக் கட்டிலுக்கு எது சொல்வதானாலும் அவரைக் கூப்பிட்டே சொன்னார்கள். பாவம், மனுஷன் எப்படித் துடிக்கிறார் பாரு என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். அதைக் கேட்டபோது அவருக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், வெளியூரிலிருந்து போனில் விசாரித்த மகளிடமும், டெய்லரம்மா ஒரே கதையைத்தான் சொன்னாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? தண்ணி மெஷின்னு ஒரு வார்த்தை முன்னால சேத்திருந்தா விரல் தப்பியிருக்கும்." டிரைவரின் மனைவி தலையிலடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தைதானே அக்கா, சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள். சீருடை தைக்கக் கொடுத்திருந்த பெண்கள் வந்து உச்சுக்கொட்டினார்கள். ஒவ்வொருவர் வந்து போகும்போதும் அவள் குற்றம் கொஞ்சம் பெரிதானது. ஒவ்வொரு தடவையும் கமிஷன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் வரை வரும், வந்தவர் போகட்டும் என்று விழுங்குவார். வந்தவர் போனதும் அவள் இவர் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏன் இப்படி இடிஞ்சு போறீங்க? நீங்க என்ன பண்ணுவீங்க? சாப்டீங்களா?" என்று கேட்பாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

ஐந்தாம் நாள் காலை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரல் நடுக்கணு வரை கரிக்கட்டையாகியிருந்தது.

"அம்மா, இது செத்துப்போச்சு. அடியோட எடுத்துடணும். விட்டா உள்ளங்கைக்கு ஏறும்."

டெய்லரம்மா அந்தக் கையை யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஊசிக்கு முன்னால துணியைத் தள்ளிக் குடுக்குற விரல் டாக்டர் இது. காலர் வளையுற இடத்துல இதுதான் திருப்பும். இது இல்லாம நான் எப்படி..." சட்டென்று வலது கையை ஓங்கித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "இந்த வாய்தான். இந்த வாய்தான் என் விரலைத் தின்னுச்சு." இன்னொரு அடி. உதடு கிழிந்து பல்லில் ரத்தம் தெரிந்தது.

கமிஷன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"அடிக்காத. உன் வாய் இல்ல. நீ உள்ள போனப்புறம் அந்த டாக்டர் என்னைக் கேட்டார். ஊசி துருப்பிடிச்சதான்னு. நான் புது ஊசின்னு சொன்னேன்."

அவளுக்குப் புரியவில்லை. "எந்த ஊசி?"

"தையல் ஊசி. அவர் தப்பா நினைச்சுட்டார்னு எனக்கு அப்பவே தெரியும்."

அறுவை சிகிச்சை டாக்டர் கட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். டெய்லரம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"தண்ணி பட்டா விரல் போகும்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"கடைக்காரர் சொன்னார்."

"எப்ப?"

"வாங்கின அன்னைக்கு."

"ஏன் சொல்லல?"

எத்தனை வீட்டு வாசலில், எத்தனை கடைப்படியில், எத்தனை கேள்வி கேட்டிருப்பார். அத்தனைக்கும் ஜனங்கள் ஏதோ ஒரு பதில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இந்த ஒன்றுக்கு அவர் பதில் சொல்லியாகவேண்டும். "தெருவுல சிரிப்பாங்கன்னு..." என்றார். சொன்னபோது அவர் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

அவள் தன் வலது கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். கோபமாக உருவவில்லை. தைத்த துணியை மெஷினிலிருந்து எடுப்பாளே, அந்த நிதானத்தோடு எடுத்துக்கொண்டாள். நர்ஸ் நீட்டிய சம்மதப் படிவத்தை மடியில் வைத்து, நோயாளி கையொப்பம் என்ற இடத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். உதட்டு ரத்தம் தாளில் சொட்டியதை முழங்கையால் துடைத்தாள்.

கீழே இன்னொரு கோடு இருந்தது. உடனிருப்பவர் கையொப்பம். இந்த நாலு நாள் பழக்கத்தில் நர்ஸ் பேனாவைக் கமிஷன் பக்கம் நீட்டினாள். அவரும் கையை நீட்டினார்.

"அவர்கிட்ட வேண்டாம் சிஸ்டர்" என்றாள் டெய்லரம்மா. "என் பொண்ணு மத்தியானம் ஊர்லேர்ந்து வந்துடுவா. அவ போடட்டும்."

"ஏம்மா, சார் இங்கதானே நிக்கிறார். உங்க விவரம் எல்லாம் அவருக்குத்தானே தெரியும்?"

"இல்ல சிஸ்டர். அவருக்கு ஒண்ணும் தெரியாது. இனிமே எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

கமிஷன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.